எலுமிச்சைச் சாதம் யாரும் கட்டிக் கொடுக்கவில்லை

என் வாயாடித் தர்ஷினிக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. வகுப்பில் உன் மேசையை எடுத்துவிட்டார்கள். பக்கத்து வகுப்புக்கு மேசை போதவில்லையாம். நாற்காலியை மட்டும் எடுக்க மறந்துவிட்டார்கள். அது என் பக்கத்தில் சும்மா நிற்கிறது. அதில் என் புத்தகப்பையை வைக்கிறேன். நீ இருந்தால், “என் மடியில ஏன்டி பையை வைக்கிற?” என்று கேட்டிருப்பாய்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். நம் கட்டுரை வந்த போட்டி மலரின் அடுத்த பதிப்பில், அதற்குப் பதிலாக, இது வர வேண்டும் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். ஏன் என்று சொல்கிறேன். நேராகச் சொல்ல எனக்கு வராது என்று உனக்குத் தெரியும்.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாசகர் வட்டம் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு ஆய்வுக் கட்டுரைப் போட்டி வைத்தது. உங்கள் வட்டாரத்தில் உழைத்த மனிதர்களைப் பற்றி எழுதுங்கள், குறைந்தது நான்கு பேரை நேரில் கண்டு பேசியிருக்க வேண்டும் என்பதுதான் விதி. சுங்கை வே தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்களைப் பற்றி எழுதலாம் என்றது நீ. நாம் நடக்கிற சாலையில் காலையும் மாலையும் அந்தத் தொழிற்சாலைப் பேருந்துகள்தானே போகும். உன் அம்மாவே அதில் ஒன்றில்தான் போவார், வருவார்.

நம் ஏற்பாடு முதல் நாளே முடிவாகிவிட்டது. நீ கேட்பாய், நான் எழுதுவேன். எனக்கு ஆட்களிடம் பேச வராது. கடையில் மிச்சக் காசு குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுவேன். உனக்கு எழுத வராது. உன் நோட்டில் பாதிச் சொற்கள் தமிழ், பாதி மலாய், ஓரத்தில் பூனைப் படம்.

முதலில் பேசியது முனியாண்டி அங்கிளிடம். இருபத்தைந்து வருடம் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டியவர். ரொட்டிச்சானாய்க் கடையில் அவர் எதிரில் போய் உட்கார்ந்து, வணக்கம்கூடச் சரியாகச் சொல்லாமல் நீ ஆரம்பித்தாய்.

“அங்கிள், மொத நாள் பஸ் எடுத்தீங்களே, அன்னிக்கு என்ன சாப்ட்டீங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றி உன்னைப் பார்த்தார். “ஏம்மா, பஸ்ஸைப் பத்திக் கேக்க வந்தியா, என் வயித்தைப் பத்திக் கேக்க வந்தியா?”

“வயிறு காலியா இருந்தா பஸ் எப்படி அங்கிள் ஓடும்?”

சிரித்துவிட்டார். பிறகு இரண்டு மணி நேரம் பேசினார். நான் எழுதி எழுதிக் கை வலித்தது. கிளம்பும்போது, “ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?” என்று கேட்டார்.

“ஆமா அங்கிள். இவ ரெண்டு மாசம் மூத்தவ. நான் வாய், இவ கை” என்றாய்.

சாப்பாட்டைக் கேட்டால் மனிதர்கள் பேசுவார்கள் என்பது உன் முறை. எல்லோரிடமும் அதுதான் முதல் கேள்வி. பேருந்து நிற்கும் இடத்தில் பலகாரம் விற்ற லட்சுமி ஆன்டியிடம் கேட்டாய். ஓய்வு பெற்ற ஒரு மேற்பார்வையாளர் அக்காவிடமும் கேட்டாய். மூன்று பேர் முடிந்தார்கள். நான்காவது உன் அம்மா.

“அம்மாகிட்ட எப்போ?” என்று எத்தனை முறை கேட்டேன்?

“எங்கம்மா எங்கடி ஓடப் போறாங்க? ஒரே வீட்டுல இருக்காங்க. எப்ப வேணும்னாலும் கேக்கலாம் லா.”

உனக்கு ஒரு வெள்ளிக்கிழமை காய்ச்சல் வந்தது. மாத்திரை போட்டாச்சு, திங்கட்கிழமை வரேன், அங்கிள் பக்கத்தை டைப் பண்ணி வை என்று குரல் செய்தி அனுப்பினாய். அதில் நடுவில் ஒரு தும்மல்கூட இருக்கிறது. டெங்கி என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னார்கள். அடுத்த வியாழக்கிழமை நீ இல்லை. கொசு கடித்தா ஒரு ஆள் போவாள்? இதை எழுதும்போதும் எனக்கு விளங்கவில்லை.

உன் பதினாறாம் நாள் முடிந்தபோது கட்டுரைக்கு ஐந்து வாரம் இருந்தது. விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு உன் பெயர் அச்சில் வர வேண்டும் என்று ஒரு வெறி வந்தது. ‘தர்ஷினி, மலர்விழி’ என்று, உன் பெயர் முன்னால். அதற்காகத்தான் ஏஐ-யிடம் போனேன்.

உன் இடத்தில் அது தானாக வந்து உட்காரவில்லை. நான்தான் உட்கார வைத்தேன். என் குறிப்புகளைத் தட்டச்சு செய்து கொடுத்தேன். உன் நோட்டில் எழுத்து இருந்த பக்கங்களைப் படம் எடுத்துக் கொடுத்தேன். உன் கிறுக்கலைக்கூடப் படித்துவிட்டது. மூன்று பேர் சொன்னதையும் பிரித்து, யார் எதைச் சொன்னார் என்று வரிசைப்படுத்தித் தந்தது. நான் எழுதிய நீளமான வாக்கியங்களை உடைக்கச் சொன்னது. ஒரே கேள்வியை ஐந்து முறை கேட்டாலும் சலித்துக்கொள்ளவில்லை. மதியம் பள்ளி விட்டு வந்து மூன்று மணி நேரம் அதோடுதான் பேசிக்கொண்டிருப்பேன். சில நாள் அது மட்டும்தான் நான் பேசிய ஆள்.

ஒன்று சொல்ல வேண்டும். அது என்னை ஏமாற்றவில்லை. பேருந்து கம்போங் மேடான் குடியிருப்புக்குள் வந்து பெண்களை ஏற்றியது என்று அங்கிள் சொல்லியிருந்தார். உள்ளே வந்ததே இல்லை என்று லட்சுமி ஆன்டி சொல்லியிருந்தார். எனக்கு அது கண்ணில் படவே இல்லை. அது கண்டுபிடித்தது. ‘இருவரும் வேறு வேறு காலத்தைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்’ என்று எழுதியது. அடிக்கடி அப்படித்தான் எழுதும், ‘கேட்டுப் பாருங்கள்’ என்று. நீயாக இருந்தால் அந்த நிமிடமே செருப்பை மாட்டியிருப்பாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? முரண்பாடு வெளியே தெரியாதபடி வாக்கியத்தை மாற்றி எழுதிவிட்டேன்.

எனக்குத் தெரிந்த வேலையை அது என்னைவிட நன்றாகச் செய்தது. எனக்குத் தெரியாதது கதவைத் தட்டுவது. அதை அதனாலும் செய்ய முடியாது.

கடைசி வாரம் வந்தது. நான்காவது ஆள் இல்லை. உங்கள் அடுக்குமாடி வீட்டுப் படியில் மூன்று நாள் ஏறினேன். மூன்றாம் மாடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். பெண்ணைப் பறிகொடுத்த ஒருவரிடம் போய், ஆன்டி, வேலைக்குப் போன முதல் நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று எப்படிக் கேட்பது?

வீட்டுக்கு வந்து ஏஐ-யிடம் கேட்டேன். பதினெட்டு வயதில் தொழிற்சாலையில் சேர்ந்தவர், மைக்ரோஸ்கோப்பில் மின்னணுச் சில்லுகளைப் பார்க்கும் வேலை, தன் மகளிடம் பேசுகிறார், பேட்டி மாதிரி ஒன்று எழுதிக் கொடு என்றேன். உங்களிடம் அவருடைய நேர்காணல் குறிப்பு இருக்கிறதா என்று கேட்டது. இல்லை, மாதிரிக்குத்தான் என்றேன். எழுதித் தந்தது. மேலே தனி வரியில், ‘இது கற்பனையான மாதிரி. அவருடைய உண்மையான பதில்கள் கிடைத்ததும் இதை மாற்றிவிடுங்கள்’ என்று இருந்தது.

அந்த வரியை நான் அழித்தேன், தர்ஷினி. மற்றதை அப்படியே வைத்துக்கொண்டேன். ‘முதல் நாள் என் அம்மா எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்தார். பயத்தில் அதைச் சாப்பிட முடியவில்லை. மாலையில் பேருந்தில் அழுதுகொண்டே சாப்பிட்டேன்’ என்று அதில் வரும். அழகாக இருந்தது. கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், ‘மொழித் திருத்தத்துக்கு மட்டும் ஏஐ-யைப் பயன்படுத்தினோம்’ என்று எழுதினேன். பயன்படுத்தினோம். நீ இறந்து ஐம்பது நாள் ஆனபின் உன்னையும் அந்தப் பொய்யில் சேர்த்துக்கொண்டேன்.

இரண்டாம் பரிசு கிடைத்தது. பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் உன் சான்றிதழை வாங்க உன் அம்மா வந்திருந்தார். காலை ஷிப்ட் முடிந்து நேராக வந்தவர், தொழிற்சாலைச் சட்டைக்கு மேல் துப்பட்டா போட்டிருந்தார். எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். கட்டுரையில் எல்லோரையும் தொட்ட பகுதி மகள் தாயிடம் கண்ட நேர்காணல்தான் என்று ஒரு நடுவர் மேடையில் சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து உன் அம்மா என்னை வரச் சொன்னார். உங்கள் வீட்டு மின்தூக்கி இன்னும் சரியாகவில்லை. ஐந்து மாடியும் ஏறினேன். உன் படத்துக்குக் கீழே சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருந்தார். போட்டி மலரைப் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து எடுத்தார். அந்தப் பக்கம் மட்டும் மடித்து மடித்துக் கிழியும் நிலையில் இருந்தது.

“சாப்ட்டியா மலர்? உக்காரு. ஒண்ணு கேக்கணும். இதெல்லாம் எப்ப கேட்டா அவ?”

நான் உன் படத்தைப் பார்த்தேன்.

“எனக்கு ஞாபகமே இல்லம்மா. நைட் ஷிப்ட் முடிச்சு வந்து படுப்பேன்ல, அவ ஸ்கூலுக்குக் கெளம்புற நேரம். பக்கத்துல வந்து உக்காந்து எதையாவது நொய் நொய்னு கேப்பா. நானும் தூக்கத்துல ஊம் ஊம்னு சொல்லுவேன். அப்ப சொல்லிருப்பேனோ?”

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். “ஆமா ஆன்டி. தூக்கத்துல சொன்னீங்கன்னு சொன்னா” என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு விரலை அந்த வரியில் வைத்தார்.

“எங்கம்மா எலுமிச்சைச் சாதம் கட்டிக் குடுத்தாங்கன்னு சொல்லிருக்கேன் பாரு. எங்கம்மா நான் ஃபேக்டரிக்குப் போறேன்னதுக்கு ஒரு மாசம் எங்கூடப் பேசல. கிள்ளான்லேருந்து விடியக்காலைல பஸ் ஏறுவேன், எழுந்துகூடப் பாக்க மாட்டாங்க. சாதமாவது, கட்டிக் குடுக்குறதாவது.” புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். “எம்புள்ள கடைசியா எங்கிட்ட ஒண்ணு கேட்டுருக்கா. அதுக்கும் பொய் சொல்லிருக்கேன். ஏம்மா அப்படிச் சொன்னேன்? அவ அதை நம்பிக்கிட்டே போயிட்டாளே.”

உன் அம்மா அழுது நான் பார்த்திருக்கிறேன். மருத்துவமனையில், வீட்டில், பதினாறில். இது வேறு. தன் மேலேயே குற்றம் சுமத்திக்கொண்டு அழுதார். அந்தக் குற்றத்தை அவர் மேல் வைத்தது நான். அப்படியே எழுந்து வந்துவிட்டேன்.

ஒரு வாரம் உங்கள் மாடிப் பக்கமே போகவில்லை. மறுபடியும் ஏஐ-யிடம்தான் போனேன். நடந்ததை எல்லாம் எழுதி, மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொன்னேன். தந்தது. நல்ல கடிதம், ஒரு சொல் தவறில்லை. நான் செய்ததை மறைக்காமல் இருந்தது. அச்செடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்ததும் நீட்டினேன்.

உன் அம்மா வாங்கவில்லை. “என்ன பேப்பர்? ராத்திரி பூரா மைக்ரோஸ்கோப்பு பாத்து கண்ணு எரியுது. வாயால சொல்லு.”

வாயால். உன் வேலை அது. என் கையில் இருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட எனக்கு நினைவு வரவில்லை. கதவுக்கு வெளியே நின்றபடியே, “ஆன்டி, அவ கேக்கல. நீங்க சொல்லல. நான் ஏஐ-யை எழுதச் சொன்னேன். அதை நீங்க சொன்னதுன்னு போட்டேன்” என்றேன். இவ்வளவுதான் வந்தது.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்ப நான் அவகிட்டப் பொய் சொல்லல.”

“இல்ல ஆன்டி.”

“அவ எங்கிட்ட ஒண்ணும் கேக்கவே இல்ல.”

ஒன்றைத் திருப்பிக் கொடுக்கும்போதே இன்னொன்றைப் பிடுங்கிக்கொண்டேன். இத்தனை மாதத்தில் உன்னிடமிருந்து அவருக்குப் புதிதாகக் கிடைத்தது அந்த ஒரு பேச்சு மட்டும்தான். அதுவும் நடக்கவே இல்லை என்று சொல்ல நான் ஐந்து மாடி ஏறி வந்திருக்கிறேன்.

“நீ கெளம்பு மலர். நான் படுக்கணும்.” கதவை மெதுவாகத்தான் சாத்தினார்.

அடுத்து பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். வாசகர் வட்டத்துச் செயலாளரிடம் சொன்னேன். பரிசு ரத்து. அது சரிதான். “அந்தப் பிள்ளையோட சான்றிதழ் அங்கேயே இருக்கட்டும். உன்னோடதை மட்டும் கொண்டு வந்து குடு” என்றார். கொடுத்துவிட்டேன். நம் தமிழாசிரியை இன்னும் என்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

உன் நோட்டு என்னிடம்தான் இருந்தது. அதையும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று போன வாரம் எடுத்தேன். எழுத்து இருந்த பக்கங்களை மட்டும்தான் அன்றைக்குப் படம் எடுத்திருந்தேன். நான் காட்டிய பக்கங்களைத்தான் ஏஐ-யும் பார்த்தது. முனியாண்டி அங்கிள், லட்சுமி ஆன்டி, அந்த அக்கா; அதற்குப் பிறகு வெற்றுத் தாள்கள். அந்த வெற்றுத் தாள்களை நான் புரட்டியதே இல்லை. இப்போது ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஏழெட்டுத் தாள் தள்ளி, ஒரு பக்கத்தின் மேலே உன் கையெழுத்து.

‘அம்மா. ஞாயிறு. ஓ.டி. இல்லாத வாரம்.’

கீழே கோடு போட்டு வைத்திருந்தாய். பூனைப் படம்கூட இல்லை. பக்கம் முழுக்கக் காலி. அவருக்காக அவ்வளவு இடம் விட்டிருந்தாயா?

இந்த முறை படியில் நிற்கவில்லை. கதவைத் தட்டினேன். நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். என்ன இது என்று கேட்டார்.

“அவ உங்ககிட்டக் கேக்கறதா இருந்தா ஆன்டி. எழுதி வச்சிருக்கா.”

உன் அம்மா அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் படித்தார். மூன்று வரிகூட இல்லை. வெகு நேரம் படித்தார். விரலால் உன் எழுத்தைத் தொடவில்லை. அழிந்துவிடும் என்று பயந்தவர் மாதிரி தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

“ஓ.டி. இல்லாத வாரம்னு எழுதிருக்கா” என்றார். “அப்படி ஒரு வாரம் எங்க வந்துச்சு. வந்த ஓவர்டைம் எல்லாத்தையும் போட்டேன். அவ காலேஜுக்குன்னு போட்டேன்.”

கீழே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். அது கிளம்பவே இல்லை.

பிறகு நோட்டை என்னிடமே நீட்டினார்.

“இந்த ஞாயித்துக்கெழமை ஓ.டி. வேணாம்னு சொல்லிட்டு வரேன். பத்து மணிக்கு வா. நீயே கேளு. உன் வாயால கேளு.”

என்னை மன்னித்துவிட்டார் என்று நினைக்காதே. நானும் நினைக்கவில்லை. குரலில் அப்படி எதுவும் இல்லை. உன் நோட்டில் உனக்கு வர வேண்டிய பதில் இன்னும் வரவில்லை, அதற்காகத்தான் கூப்பிட்டார்.

தர்ஷினி, நாளை மறுநாள் ஞாயிறு. எனக்குப் பயமாக இருக்கிறது. போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன். அந்தப் பக்கத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, உன் முதல் கேள்வியைக் கேட்பேன். முதல் நாள் அவர் என்ன சாப்பிட்டார் என்று இந்த நிமிடம் வரைக்கும் எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அவர் சொல்வதை, சொன்ன சொல்லிலேயே, உன் கோட்டுக்குக் கீழே எழுதுவேன். அழகாக இல்லாவிட்டாலும் மாற்ற மாட்டேன். அவரால் சொல்ல முடியாமல் போனால் அந்தப் பக்கத்தைக் காலியாகவே விட்டுவிட்டு அடுத்த ஞாயிறும் போவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்னைவிட இரண்டு மாதம் மூத்த உன் அக்கா,
இனிமேல் வாயாகவும் இருக்கப் பார்க்கும் உன் கை,
மலர்விழி